கரைகாத்த தொண்டர்கள்: அமெரிக்கக் கடலோரத் துணைப்படையின் வரலாறு

சம்பளம் பெறாமல் ஒருவர் செய்யும் வேலையில் பிழை நேர்ந்தால் யாரைக் கேட்பது? தொண்டு அமைப்பு எதுவாயினும் என்றேனும் ஒரு நாள் இவ்வினா எழாமல் இராது. நம்மவர் பெரும்பாலும் இதற்கு இரண்டு விடை கூறுவர். நல்ல மனம் ஒன்று இருந்தால் போதும், மற்றவை தாமே வந்து சேரும் என்பது ஒன்று. கூலி கொடாத இடத்தில் ஒழுங்கை எதிர்பார்க்கலாகாது என்பது மற்றொன்று. இரண்டும் பொருந்தா விடைகள் என்பதை ஐக்கிய அமெரிக்க நாடுகளின் கடற்கரை வரலாறு காட்டுகிறது. அங்கே இவ்வினா மேடையில் எழுந்ததன்று; உடைந்த கப்பல்களின் அருகே, பிணங்கள் ஒதுங்கிய மணலில் எழுந்தது. 1939ஆம் ஆண்டு சட்டத்தால் தோன்றி இன்றளவும் இயங்கிவரும் கடலோரக் காவற்படையின் துணைப்படை, நெடுங்காலத் தடுமாற்றத்திற்குப் பின் அந்நாட்டார் கண்ட விடை. படகோட்டுவோரின் உயிர்க்காப்பை நோக்கமாகக் கொண்ட இத்தொண்டர் படையின் வரலாறு அடிப்படையில் பயிற்சியின் வரலாறு. ஆதலின் ஆசிரிய அன்பர்கள் இதனை அறிந்திருத்தல் நலம் எனக் கருதினேன்.

குடிசையும் வைக்கோலும்

அமெரிக்கக் கரையில் உயிர்காக்கும் பணியை முதலில் தொடங்கியது அரசாங்கம் அன்று. மாசசூசெட்ஸ் மாநிலத்தின் பாஸ்டன் நகரத்தார் சிலர் 1780களில் மனிதாபிமானச் சங்கம் ஒன்றை அமைத்தனர். நீரில் மூழ்கி மூச்சொடுங்கியவரைப் பிழைப்பிக்கும் முறைகளைப் பரப்புவதே அதன் முதல் நோக்கம். அப்பகுதியில் குளிர்காலத்திலே கப்பல் உடைந்தால், அலைக்குத் தப்பிக் கரையேறியவன்கூட இரவுக்குள் குளிரால் விறைத்து இறந்துவிடுவான். ஆகவே 1787இல் அச்சங்கத்தார் ஆளில்லாத கரைகளில் சிறு குடிசைகளைக் கட்டினர். உள்ளே வைக்கோலும் விறகும் தீமூட்டும் பொருள்களும் சிறிது உணவும் இருக்கும். எளிய ஏற்பாடுதான். ஆயினும் கடலில் தப்பியவன் கரையில் சாவதைத் தடுக்கவேண்டும் என்று எண்ணிப் பார்த்ததே பெரிது.

1807இல் கோஹாசெட் என்னும் ஊரில் அச்சங்கம் தன் முதல் உயிர்காப்புப் படகை நிறுத்தியது. அதனைச் செலுத்தியவர் அவ்வூர் மக்களே. மாதச் சம்பளம் கிடையாது. புயல் அடிக்கும் இரவில் குரல் கேட்டால் எழுந்து ஓடுவர். சில வேளை சன்மானம் கிடைக்கும். பதக்கம் கிடைப்பதும் உண்டு.

இத்தொண்டர்களுள் ஒருவரை மட்டும் சிறிது விரிவாகக் கூற விரும்புகிறேன். பாஸ்டன் துறைமுகத்து வாயிலில் ஹல் என்றோர் ஊர். 1826இல் அங்கே பிறந்தவர் ஜோஷுவா ஜேம்ஸ். அவருக்குப் பத்து வயதாக இருக்கையில், 1837ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம், தாயும் கைக்குழந்தையான தங்கையும் வந்த பாய்க்கப்பல் ஊருக்கு மிக அருகே கவிழ்ந்தது. இருவரும் மாண்டனர். பதினைந்தாம் வயதில் அவர் மனிதாபிமானச் சங்கத்தின் படகில் துடுப்புப் பிடித்தார். அதன்பின் ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் அது அவருடைய வாழ்க்கையாயிற்று. 1888 நவம்பரில் வீசிய பெரும்புயலில் அவரும் அவருடைய ஆட்களும் ஓரிரவும் ஒரு பகலும் ஓயாது உழைத்து, வெவ்வேறு கப்பல்களிலிருந்து 29 பேரை உயிரோடு மீட்டனர். மறு ஆண்டு அரசாங்கம் அவ்வூரில் நிலையம் திறந்தபோது அதற்குப் பொறுப்பாளராக அவரையே அழைத்தது. அப்போது அவருக்கு வயது 62. சட்டப்படி வயது மிகுந்துவிட்டது. ஆயினும் சட்டத்தைத் தளர்த்தினர். நம் நாட்டில் ஐம்பத்தைந்து கடந்தவுடன் ஒருவரைப் பயனற்றவரெனக் கருதி மாலை போட்டு அனுப்பிவைத்த காலத்தை நினைத்துக்கொள்வோர் நினைத்துக்கொள்ளலாம்.

அவர் இறந்ததும் அப்பணியிலேதான். 1902 மார்ச் 17ஆம் நாள் அதே மாநிலத்தின் மொனமாய் என்னுமிடத்தில் மீட்கப் போன படகு கவிழ்ந்து மீட்பாளர் எழுவர் இறந்தனர். மீட்கப்பட வேண்டிய ஐவரும் அவர்களோடு மடிந்தனர். செய்தி கேட்ட ஜேம்ஸ், தம் ஆட்களின் திறமையைச் சோதித்தறியாமல் இருக்கமுடியாது என்று எண்ணினார் போலும். இரண்டு நாள் கழித்து, வாடைக்காற்று வீசிய காலைப்போதில், 75 வயதுக் கிழவர் ஆட்களைக் கூட்டிக்கொண்டு படகைக் கடலில் இறக்கினார். ஒரு மணி நேரத்துக்கு மேல் பயிற்சி நடந்தது. படகு நடந்துகொண்ட முறை அவருக்கு நிறைவளித்தது. கரை தட்டியதும் மணலில் குதித்தவர், கடலை ஒருமுறை நோக்கி, நீர் வடிகிறது என்று சொல்லிவிட்டு அவ்விடத்திலேயே விழுந்து உயிர்விட்டார். அறுபது ஆண்டு பட்டறிவு உடைய ஒருவர், அயலூரில் விபத்து நேர்ந்தது என்றவுடன் செய்த முதற்காரியம் இரங்கற் கூட்டம் கூட்டியதன்று, பயிற்சிக்குப் போனது.

பூட்டிய கொட்டகைகள்

தொண்டு இவ்வளவு சிறந்து விளங்கிய நாட்டிலேயே அது படுதோல்வி அடைந்த கதையும் உண்டு. அதற்கு நாம் தெற்கே நியூ ஜெர்சி மாநிலத்துக்கு வரவேண்டும். ஐரோப்பாவிலிருந்து நியூயார்க்கை நோக்கிக் குடியேறிகளை ஏற்றிக்கொண்டு வரும் கப்பல்கள் அக்கரையின் மணல்திட்டுகளில் அடிக்கடி சிக்கி உடைந்தன. வில்லியம் நியூவெல் என்னும் மருத்துவர் 1839இல் அத்தகைய விபத்து ஒன்றில் பதின்மூன்று பேர் கரைக்கு எட்டாமல் மூழ்கியதைத் தம் கண்ணால் கண்டார். பின்னர் அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினராகி, 1848இல் பேசி வாதாடி 10,000 டாலர் ஒதுக்கச் செய்தார். அப்பணத்தில் கரையோரமாகக் கொட்டகைகள் எழும்பின. அலையைக் கடக்கவல்ல படகுகளும், தொலைவிலுள்ள கப்பலுக்குக் கயிற்றை எறியும் சிறு பீரங்கிகளும் வந்து சேர்ந்தன.

இரண்டே ஆண்டில் அதன் பயன் தெரிந்தது. 1850 ஜனவரியில் ஆயர்ஷயர் என்னும் கப்பல் பனிப்புயலில் தரைதட்டியது. கரையிலிருந்தவர் பீரங்கியால் கயிற்றை எறிந்து கப்பலோடு இணைத்தனர். ஜோசப் ஃபிரான்சிஸ் என்பவர் அமைத்த, உலோகத் தகட்டாலான மூடிய பெட்டகம் ஒன்று அக்கயிற்றின் வழியே போய்வந்தது. ஒரு தடவைக்கு நாலைந்து பேர் உள்ளே படுத்து வரலாம். கப்பலில் இருந்த 202 பேரில் 201 பேர் அதன் வழியே கரை சேர்ந்தனர். உள்ளே இடமில்லாது வெளியே தொற்றிக்கொண்டு வந்த ஒருவர் மட்டும் அலையில் போனார்.

இவ்வெற்றியைக் கண்டவர் இனி அச்சமில்லை என்றே எண்ணியிருப்பர். ஆனால் 1854 ஏப்ரலில் பொவ்ஹாட்டன் என்னும் கப்பல், குடியேறிகள் இருநூறு பேருக்கு மேல் ஏற்றி வந்தது, அதே மாநிலத்துக் கரைக்கருகே உடைந்தது. ஒருவரும் பிழைக்கவில்லை. கருவிகள் சில மைல் தொலைவில் கொட்டகையில் கிடந்தன. அவற்றைக் கொண்டுவர ஆளில்லை. இயக்கப் பழகியவரும் கூடி வரவில்லை.

காரணம் என்ன? அரசாங்கம் கொட்டகை கட்டிற்று, கருவி வாங்கிற்று, சாவியை அருகிலிருந்த குடியானவர் ஒருவரிடம் கொடுத்துவிட்டுப் போயிற்று. ஆபத்து வரும்போது அக்கம்பக்கத்தார் ஓடிவருவர் என்பது எதிர்பார்ப்பு. யார் வரவேண்டும், வந்தவர்களுள் யார் சொல்லை யார் கேட்கவேண்டும், படகைப் பழுது பார்ப்பவர் யார் என்பதற்கு ஒழுங்கு ஒன்றும் இல்லை. சில இடங்களில் கருவிகள் களவு போயின. ஓரூரில் உயிர்காப்புப் படகைச் சாந்து குழைக்கும் தொட்டியாகவும், பன்றியை வெந்நீரில் இட்டு மயிர்களையும் தொட்டியாகவும் மாறி மாறிப் பயன்படுத்தினராம். இதைப் படிக்கும்போது சிரிப்பு வரும். பூட்டிய அலமாரிக்குள் செல்லரித்த நூலகங்களைப் பள்ளிகளில் கண்டவர்களுக்கு அவ்வளவாகச் சிரிப்பு வராது.

மாசசூசெட்ஸில் சிறந்த தொண்டு, நியூ ஜெர்சியில் ஏன் குலைந்தது? மக்களின் மனத்தில் வேறுபாடு இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. ஹல் போன்ற ஊர்களில் தந்தையோடும் தமையனோடும் ஒரே படகில் வளர்ந்தவர்களே மீட்புக்கும் சென்றனர். அவர்களுடைய தொழிலே அவர்களுக்குப் பயிற்சி. ஊர்க்கட்டுப்பாடே அவர்களுக்குச் சட்டம். நியூ ஜெர்சியின் நீண்ட மணற்கரையில் குடிகள் ஆங்காங்கே சிதறி வாழ்ந்தனர். ஊர் தானே அளிக்கும் ஒழுங்கு இல்லாத இடத்தில் அதனை யாரேனும் உண்டாக்கவேண்டும். வாஷிங்டன் நகரத்தில் இருந்தவர்களுக்கு அது தெரியவில்லை. கடல் கடந்து பிரிட்டனில் 1824 முதல் நடந்துவரும் உயிர்காப்புப் படகு நிறுவனம் தொண்டர்களைக் கொண்டே தழைத்தது என்பதையும் நினைவில் வைத்தால், குற்றம் தொண்டின்மேல் இல்லை என்பது விளங்கும்.

1854 முடிவில், கொட்டகைப் பொறுப்பாளருக்கு ஆண்டுக்கு 200 டாலர் சம்பளம் வைத்தனர். ஆனால் படகு ஓட்ட ஆட்கள் வேண்டுமே! அவர்கள் வழக்கம்போல் 'வந்தால் வருவர்'. இந்நிலை பல்லாண்டு நீடித்தது.

கிம்பலின் கால அட்டவணை

1871இல் சம்னர் கிம்பல் என்னும் வழக்கறிஞர் இத்துறைக்குப் பொறுப்பேற்றார். கடலோடி அல்லர், அலுவலகத்து மனிதர். முதலில் ஓர் அதிகாரியை அனுப்பி நிலையங்களை எல்லாம் பார்த்துவரச் செய்தார். துருப்பிடித்த கருவிகள், இடிந்த கொட்டகைகள், தள்ளாத வயதினரும் அரசியல் செல்வாக்கால் வந்தவருமான பொறுப்பாளர்கள் என்று அறிக்கை வந்தது. அவ்வாண்டு 200,000 டாலர் ஒதுக்கப்பட்டது. கிம்பல் தகுதியற்றவரை நீக்கினார். நிலையம் ஒன்றுக்கு ஆறு பேர் வீதம் சம்பளத்துக்கு அமர்த்தினார். அதற்குமேல் அவர் செய்ததுதான் நமக்கு மிக அறிமுகமான காரியம். கால அட்டவணை ஒன்று போட்டார்.

திங்கட்கிழமை படகையும் கருவிகளையும் எடுத்துப் பார்த்துச் செப்பனிட வேண்டும். செவ்வாயன்று படகை அலை கடந்து செலுத்தி மீண்டும் கரையேற்ற வேண்டும். புதன் கொடிக்குறிகள். வியாழன் கயிறு எறிந்து ஆளை மீட்கும் பயிற்சி. வெள்ளியன்று மூழ்கியவருக்கு மூச்சு வருவிக்கும் முறை. சனிக்கிழமை துப்புரவு. கயிற்றுப் பயிற்சியைத் தொடக்கத்திலிருந்து ஓராளைக் கரைசேர்ப்பது வரை ஐந்து நிமிடத்துள் முடிக்க வேண்டும். பருவம் தொடங்கி ஒரு மாதத்துள் அந்நேரத்தை எட்டாத குழு சோம்பியிருந்தது என்று கொள்ளப்படும். இரவில் கரை நெடுகக் காவல் நடந்தனர். அடுத்த நிலையத்துக் காவலனைப் பாதி வழியில் சந்தித்துப் பித்தளை வில்லைகளை மாற்றிக்கொள்ள வேண்டும். காலையில் அயல் நிலையத்தின் வில்லை கையில் இல்லையென்றால், அவன் போகவில்லை என்பது தெரிந்துவிடும். வருகைப் பதிவேட்டுக்கு இதைவிட நல்ல முறையை யான் அறியேன்.

1878இல் இது தனித்துறை ஆயிற்று. கிம்பல் அதன் தலைவராக 1915 வரை இருந்தார். அவ்வாண்டு, 1790 முதல் சுங்கவரி காத்துவந்த கப்பற்படையோடு இத்துறையை இணைத்து, கடலோரக் காவற்படை என்னும் பெயரால் ஒரே படையாக்கினர். ஊதியம், சீருடை, ஓய்வூதியம், அட்டவணை எல்லாம் நிலைபெற்றன. தொண்டர்களுக்கு இனி வேலை இல்லை என்று எவரும் எண்ணியிருக்கக்கூடும்.

மீண்டும் தொண்டர்கள்

வேலை வேறு திசையிலிருந்து வந்தது. 1909இல் ஓல் எவின்ரூட் என்பவர், படகின் பின்புறத்தில் மாட்டிக்கொள்ளும் சிறு இயந்திரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தார். அதுவரை கடலுக்குப் போனவர் கடலறிந்தவர். அதன்பின் கடைக்காரரும் எழுத்தரும் ஞாயிற்றுக்கிழமை இன்பமாகப் பொழுதுபோக்கப் படகேறினர். 1939ஐ ஒட்டி அந்நாட்டு நீர்நிலைகளில் பதிவுபெற்ற படகுகள் மூன்று லட்சத்துக்கு மேல். கப்பல் உடைவதற்காகக் கரையில் காத்திருக்கும் படை, இத்தனை சிறு படகுகளையும் அவற்றில் இருந்த கற்றுக்குட்டிகளையும் எவ்வாறு கவனிக்கும்?

விடையின் வித்து ஒரு கடிதத்தில் கிடந்தது. 1934இல் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் திரைக்கதை எழுதுவோரின் உல்லாசப் படகுச் சங்கம் ஒன்று இருந்தது. அதன் தலைவர் மால்கம் ஸ்டுவர்ட் பாய்லன், காவற்படை அதிகாரி பொல்லார்டு என்பவருக்கு எழுதினார். சொந்தப் படகு வைத்திருப்போரை ஒரு துணை அமைப்பாகத் திரட்டி, வேண்டும்போது காவற்படைக்கு உதவச் செய்தால் என்ன என்பது அவர் கருத்து. கதை எழுதுகிறவர்களைக் காரியத்துக்கு ஆகாதவர் என்பார்க்கு இது நினைவில் இருக்கட்டும். அக்கருத்து மேலிடம் சென்றது. காவற்படைத் தலைவராக விளங்கிய ரஸ்ஸல் வேஷி அதனை ஆதரித்தார். 1939 ஜூன் 23ஆம் நாள் சட்டம் நிறைவேறியது.

அச்சட்டம் நான்கு நோக்கங்களைச் சொன்னது. நீரில் உயிர்க்காப்பு, படகுகளைத் திறம்படச் செலுத்துதல், படகு பற்றிய சட்டங்களை மக்கள் அறியச் செய்தல், காவற்படையின் பணிக்கு உதவுதல். சேர்பவர் சொந்தப் படகு உடைய குடிமகனாக இருக்கவேண்டும். ஊதியம் இல்லை, இராணுவத்தினரும் அல்லர். முதலில் இதற்குச் சேமப்படை என்று பெயர். 1941 பிப்ரவரியில் இராணுவத் தன்மையுள்ள சேமப்படை தனியாக அமைந்தபோது, குடிமக்களுடைய அமைப்பு 'துணைப்படை' என்ற பெயரைப் பெற்றது.

பெயர் மாறிய அவ்வாண்டு முடிவதற்குள் போர் வந்துவிட்டது. 1942இன் தொடக்கத்தில் ஜெர்மானிய நீர்மூழ்கிகள் அமெரிக்கக் கிழக்குக் கரைக்கருகே வந்து, கரையூர்களின் விளக்கொளியில் நிழலாகத் தெரிந்த சரக்குக் கப்பல்களை ஒவ்வொன்றாக மூழ்கடித்தன. காவல் கப்பல்கள் போதவில்லை. அவ்வாண்டு கோடையில் உல்லாசப் படகுகளையும் பாய்மரங்களையும் திரட்டிக் கடலில் நிறுத்தினர். அவற்றுள் பாய்மரங்களே சிறந்து உதவின என்பது வியப்பு. இயந்திர ஓசை இன்மையால் நீர்மூழ்கியின் செவிக்கு அவை எட்டவில்லை. குளிரிலும் நனைவிலும் நாட்கணக்கில் மிதந்து, கண்டதை வானொலி வழியே அறிவிப்பது அவர்கள் வேலை. தொழில்முறை மாலுமிகள் இக்கூட்டத்துக்குப் 'போக்கிரிக் கடற்படை' என்று பட்டம் சூட்டினர். பட்டம் பெற்றவர்களும் அதனைப் பெருமையாகவே எடுத்துக்கொண்டனர்.

இன்னும் பலர் தற்காலிகச் சேமப்படையினராகப் பதிந்து, பகலில் தம் தொழிலையும் இரவில் துறைமுகக் காவலையும் பார்த்தனர். பெரும்பாலோர் வாரத்தில் பன்னிரண்டு மணி நேரம் ஊதியமின்றி நின்றவர். பாஸ்டனின் புகழ்பெற்ற இசைக்குழு நடத்துநர் ஆர்தர் ஃபீட்லரும், திரைநடிகர் ஹம்ஃப்ரி போகார்ட்டும் அவர்களுள் இருந்தனர். துணைப்படையினர் ஏறத்தாழ 50,000 பேர் அப்போர்க்காலத்தில் ஏதேனும் ஒரு வகையில் பணியாற்றினர். அவர்கள் கரைக்காவலை ஏற்றதால், பயிற்சிபெற்ற படையினர் கடல் கடந்து செல்ல முடிந்தது. துணைப்படை என்ற சொல்லின் பொருள் முழுமையாக விளங்கியது அப்போதுதான் எனலாம்.

உத்தரவும் பொறுப்பும்

போர் முடிந்தபின் அது கலைந்துவிடவில்லை. படகுகள் பெருகின; துணைப்படையின் வேலையும் பெருகிற்று. 1958இலும் 1971இலும் வந்த படகுச் சட்டங்கள் பதிவையும் படகு கட்டும் தரத்தையும் ஒழுங்கு செய்தன. 1996ஆம் ஆண்டுச் சட்டம், காவற்படையின் பணிகள் எதிலும் துணைப்படையினர் உதவலாம் என்று வாயிலை அகலத் திறந்தது. ஆனால் இரண்டை விலக்கியது: சட்டத்தை வலிந்து நிறைவேற்றுதல், போரிடுதல். ஆயுதம் ஏந்துவதும் கைது செய்வதும் அவர்களுக்கு உரியன அல்ல.

சேர விரும்புவோருக்கு இன்று என்னென்ன வாய்ப்புகள் உண்டு என்று பார்ப்போம். பதினேழு வயது நிறைந்திருக்க வேண்டும். பின்னணி ஆராயப்படும். சொந்தப் படகு வேண்டும் என்ற பழைய விதி இப்போது இல்லை. படகு உடையவர் அதனைப் பரிசோதனைக்கு உட்படுத்தித் துணைப்படையின் பயனுக்கு ஒப்படைத்துக் காவல் போகலாம்; வானூர்தி உடையவர் வானிலிருந்து பார்க்கலாம். கரையிலிருந்தே வானொலி கேட்கலாம். மிதவைக் குறிகளும் கரை விளக்குகளும் வரைபடத்தில் உள்ளபடி இருக்கின்றனவா என்று சரிபார்க்கலாம். சமைக்கத் தெரிந்தவருக்குக் காவற்படையின் சமையற்கூடத்தில் இடமுண்டு. பிறமொழி அறிந்தவர் மொழிபெயர்ப்பாளராகலாம். இவை எல்லாவற்றையும்விடப் பெரிய பணி கற்பித்தல். பொதுமக்களுக்குப் படகுப் பாடம் நடத்துவது துணைப்படையின் முதன்மையான கடமைகளுள் ஒன்று. உயிரை மீட்டவருக்குப் பதக்கம் உண்டு. பாடம் கேட்டு ஆபத்தில் சிக்காமல் வீடு திரும்பியவர் எத்தனை பேர் என்பதை யார் எண்ணுவது? நம் தொழிலில் இருப்போருக்கு இது பழகிய குறைதான்.

படகுக் குழுவில் சேர்வது எப்படி என்பதைச் சற்று விளக்கவேண்டும். கயிறு முடிதல், இன்னொரு படகை இழுத்துவரல், நீரில் விழுந்தவரைத் தூக்குதல் என்று பணிகள் பகுத்து எழுதப்பட்டுள்ளன. மூத்த உறுப்பினர் ஒருவர் வழிகாட்டியாக இருந்து, ஒவ்வொன்றையும் செய்துகாட்டச் சொல்லி, தேறியபின் கையொப்பம் இடுவார். எல்லாம் முடிந்தபின் தேர்வாளர் வருவார். அவர் கற்பித்தவரல்லாத வேறொருவர். வாய்மொழியாகக் கேட்டுப் படகிலும் சோதிப்பார். தேர்ந்தவர் அதனோடு விடமுடியாது. ஆண்டுதோறும் குறித்த நேரம் நீரில் பணிசெய்யாவிடில் தகுதி போய்விடும். கற்பித்தவரும் தேர்வு செய்பவரும் வேறாக இருக்கவேண்டும் என்பதையும், ஒருமுறை பெற்ற சான்றிதழ் ஆயுள் முழுதும் போதாது என்பதையும் சம்பளம் வாங்காதவர்கள் தமக்குத் தாமே விதித்துக்கொண்டிருக்கிறார்கள். கிம்பலின் அட்டவணை தொண்டர்களிடம் வந்து சேர்ந்த விதம் இது.

இனி, தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு வருவோம். துணைப்படையினர் காவல் செல்லுமுன் காவற்படையிடமிருந்து உத்தரவு பெறவேண்டும். உத்தரவு பெற்றபின் அவருடைய சொந்தப் படகு சட்டத்தின் கண்ணில் அரசாங்கப் படகு ஆகிறது. எண்ணெய்ச் செலவு திரும்பக் கிடைக்கும். படகுக்குச் சேதம் வந்தால் ஈடு உண்டு. அவருக்குக் காயம் பட்டால் அரசாங்க ஊழியரைப் போலவே கவனிக்கப்படுவார். உத்தரவின்றிப் போனாலோ அவரும் ஞாயிற்றுக்கிழமைப் படகோட்டிகளுள் ஒருவரே. 1848இல் வாஷிங்டன் கொட்டகையைக் கட்டிச் சாவியைக் கொடுத்துவிட்டுப் போனதையும் இதனையும் ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும். அன்று அரசாங்கம் கருவியைக் கொடுத்தது, பொறுப்பை வைத்துக்கொள்ளவில்லை. இன்று கருவி தொண்டருடையது, பொறுப்பு அரசாங்கத்தினுடையது. நூறாண்டுக்குமேல் ஆயிற்று இந்த மாற்றத்துக்கு.

உள்ளமைப்பிலும் ஒரு நுட்பம் உண்டு. சீருடை காவற்படையினுடையதை ஒத்தது. ஆனால் அங்கே பொன்னிறமாக இருக்கும் பொத்தானும் பட்டையும் இங்கே வெள்ளி நிறம். குழு, பிரிவு, மாவட்டம் என்ற படிகளில் தலைவர்களை உறுப்பினரே தேர்ந்தெடுப்பர். தேர்ந்தெடுக்கப்பட்டவருக்கு இராணுவப் பதவி இல்லை. கட்டளையிடும் அதிகாரமும் இல்லை. கேட்டுக்கொள்ளலாம், வழிகாட்டலாம். அதிகாரம் இல்லாத தலைமைப் பதவிக்கு ஆள் கிடைக்குமா என்று நம் சங்கங்களின் ஆண்டுக்கூட்டங்களைக் கண்டவர் ஐயுறலாம். அங்கே கிடைத்துவருகிறது.

அவர்கள் செய்யும் பணிகளுள் எனக்கு மிகவும் பிடித்தது படகுப் பரிசோதனை. படகுத்துறையில் நிற்கும் துணைப்படையினர், உரிமையாளர் விரும்பினால் மட்டும் படகில் ஏறிப் பார்ப்பார். உயிர்காப்புச் சட்டைகள், தீயணைப்பான், ஆபத்துக் குறிகள், ஊதுகருவி, விளக்குகள், பதிவெண் ஆகியவற்றை நோக்குவார். எல்லாம் சரியாயின் அவ்வாண்டுக்குரிய ஒட்டுச்சீட்டை ஒட்டுவார். குறை இருந்தால் எழுதித் தருவார். அபராதம் இல்லை, அதிகாரிகளுக்கு அறிவிப்பதும் இல்லை, கட்டணமும் இல்லை. பள்ளி ஆய்வாளர் வருகை என்றாலே பதறிய தலைமுறையைச் சேர்ந்தவன் யான். தண்டிக்கும் அதிகாரமே இல்லாத ஆய்வாளரிடம் மக்கள் தாமாக வந்து தம் குறையைக் காட்டுகின்றனர் என்பதை வியப்போடு படித்தேன்.

இதன் பயனை அளப்பது எளிதன்று. 1973இல் அந்நாட்டில் பொழுதுபோக்குப் படகுகளில் 1,754 பேர் இறந்தனர். 2023இல் அத்தொகை 564. இடையில் படகுகளின் எண்ணிக்கை மிகவும் உயர்ந்திருந்தது. இக்குறைவு முழுவதையும் துணைப்படையின் கணக்கில் எழுதிவிடலாகாது. படகு கட்டும் விதிகளும் மருத்துவ வசதியும் தொலைத்தொடர்பும் தத்தம் பங்கைச் செய்துள்ளன. ஒன்று மட்டும் மாறாமல் இருக்கிறது. ஆண்டுதோறும் மூழ்கி இறப்போரில் ஐந்தில் நால்வருக்கு மேல் உயிர்காப்புச் சட்டை அணியாதவர். அவர்களுட் பலருடைய படகில் சட்டை இருந்தது. இருக்கையின் அடியிலோ பெட்டிக்குள்ளோ இருந்தது. ஆகவேதான் பரிசோதனைக்கு ஏறும் துணைப்படையினர் சட்டைகளை எண்ணுவதோடு நிற்பதில்லை. ஒன்றை வெளியே எடுக்கச் சொல்லி, படகில் வந்த குழந்தைக்கு அது பொருந்துகிறதா என்று மாட்டிப் பார்க்கச் சொல்கிறார்.